குளவி கேட்ட மூலை

காட்டோரத்தில், ஓய்வெடுக்க வருகிறவர்களுக்காகப் புதிதாக ஒரு குடில் கட்டினார்கள். சிமெண்ட் இல்லை, ஏசி இல்லை. அந்த இடத்து மண்ணையே குழைத்து எழுப்பிய சுவருக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் இயற்கையோட இயற்கையா வாழறவன்," என்று தினமும் சொல்லிக்கொள்ளும். உடனே உத்தரத்துப் பல்லி 'உச் உச்' என்று சத்தம் போடும். பேசும்போது பல்லி சத்தம் போட்டால் சொன்னது மெய் என்பார்களே, சுவருக்கு அதில் ஏகப்பட்ட பூரிப்பு.

ஒரு நாள் ஒரு குளவி ஈரமண் உருண்டையோடு வந்து ஜன்னல் மூலையில் அப்பியது.

"ஏய், என் மேல மண்ணை அப்பறியா? அசிங்கம்!" என்று சுவர் கத்தியது.

"நீங்களும் மண்ணுதானேண்ணே?"

"என்னை டிசைன் போட்டுக் கட்டியிருக்காங்க. நாளைக்கு ஆள் வரட்டும், விளக்குமாத்தால ஒரே தட்டு!"

"முட்டை வைக்கணும்ணே. குஞ்சு பறந்ததும் இடத்தைக் காலி பண்ணிடறேன்," என்று கெஞ்சிக்கொண்டே குளவி கூட்டைக் கட்டியது.

மறுநாள் தங்க வந்தவள் ஒரு பிள்ளைத்தாச்சி. வேலையாள் விளக்குமாற்றை ஓங்கியதுமே பதறினாள்.

"ஐயோ, கலைக்காதீங்க! குளவி கூடு கட்டினா நல்லதுன்னு சொல்வாங்க. இந்தக் குடில்லயே இதுதான் அழகு!"

ஆசையாகப் படமும் எடுத்துக்கொண்டாள். குளவி நிம்மதியாகக் கூட்டுக்குள் நுழைந்தது.

சுவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பல்லியைப் பார்த்தது.

"பாத்தியா, எவ்வளவு அழகா கட்டியிருக்கோம்!"

பல்லி வாயே திறக்கவில்லை.