வாய்க்காலில் அலசிய கொத்து

உத்தமபாளையத்துக்கு வெளியே, திராட்சைத் தோட்டத்து ஓரமாகக் காலை வெயிலில் நிற்கிறது ரெக்ஸின் கேரவன். நேற்று நிறுத்த இடம் கொடுத்தவள் தோட்டக்காரி முனீஸ்வரி. வண்டிக் கக்கூஸ் தொட்டியைச் செப்டிக் குழியில்தான் திறக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும், ஆள் அரவமில்லாத தைரியத்தில் வாய்க்காலில் திறந்துவிடுகிறான். கழிவு கலங்கலாக ஓடித் திராட்சைப் பந்தலுக்கு அப்பால் வளைந்து மறைகிறது. அவன் குழாயை மூடி நிமிரும்போது அந்த வளைவிலிருந்தே முனீஸ்வரி வருகிறாள். கையில் கறுத்த திராட்சைக் கொத்து. நுனியில் நீர் சொட்டுகிறது. வண்டிச் சன்னல் வழியே அவன் மகள் கிளாரா கை நீட்டுகிறாள். ரெக்ஸ் பாய்ந்து கொத்தைப் பிடுங்குகிறான். காதுமடல் எரிகிறது. “ஏன் தம்பி, புள்ளைக்குன்னு இப்பத்தான வாய்க்கால்ல நல்லா அலசிக் கொண்டாந்தேன்?” என்கிறாள் முனீஸ்வரி.