நூல் இன்னும் வரவில்லை

முப்பது ஆண்டு நீர்த்திட்டத்தின் வரைபடம் மேசை முழுக்க நீலமாக விரிந்திருக்கிறது. ஜன்னல் வெயிலில் அந்த நீலம் ஈரமாகவே தெரிகிறது. "பன்னெண்டு மீட்டர்லயே தண்ணி இருக்கு. இன்னும் நூறு போர்வெல் தாங்கும். கையெழுத்துப் போடுங்கம்மா," என்று தலைமைப் பொறியாளர் பேனாவை நீட்டுகிறார். கிணறுகளை அளப்பவள் அதை வாங்கவில்லை. காலையில் கிணற்றில் இறக்கிய அளவுநாடாவைப் பையிலிருந்து எடுக்கிறாள். நுனி நீரைத் தொட்டபோது கிணற்று விளிம்புக்கு நேராக வந்த இடத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள். நுனிக் கொக்கியை மேசை விளிம்பில் மாட்டிவிட்டு, சுருளைப் பிடித்தபடி நடக்கிறாள். "பன்னெண்டு, என் மக தொட்டில்ல கிடந்தப்போ எடுத்த அளவு சார். அவ இப்போ காலேஜ் போறா." நாடா கிறீச்சிட்டு நீள்கிறது. பன்னிரண்டு மீட்டர் கதவருகிலேயே முடிந்துவிடுகிறது. அவள் நிற்கவில்லை. நீண்ட நடைகூடத்தில் குமாஸ்தாக்கள் காலைத் தூக்கி நாடாவுக்கு வழிவிடுகிறார்கள். "எங்கம்மா போறீங்க? நாளைக்கே டிரான்ஸ்ஃபர் வரும், பாத்துக்கோங்க!" உள்ளிருந்து குரல் துரத்துகிறது. "வரட்டும் சார். நூல் இன்னும் வரல." அவள் வாசலைக் கடந்து வெயிலில் இறங்குகிறாள். முப்பத்தொன்பதாவது மீட்டரில் சிவப்பு நூல் சுருளைவிட்டு வெளியே வருகிறது. மறுமுனையில் யாரோ கொக்கியைக் கழற்றப் பார்க்கிறார்கள், நாடா அதிர்கிறது. அவள் இரண்டு கைகளாலும் அதை இழுத்துப் பிடித்து நிற்கிறாள்.