வாளியின் கனம்

சூலியா தெருவின் பின்சந்தில் மலவாளி மாற்றுகிற வேலை வீராச்சாமிக்கு. ஒன்பது வருஷமாக அதுதான் பிழைப்பு. காலையில் நிறைந்த வாளியை எடுத்துக்கொண்டு, ஆற்றில் கழுவிய வாளியை வைப்பான். ஒவ்வொன்றிலும் வீட்டு எண் தாரால் எழுதியிருக்கும். தூக்கினாலே வீட்டில் எத்தனை பேர் என்று அவன் கைக்குத் தெரிந்துவிடும். விருந்தாளி வந்திருந்தால்கூடத் தெரியும்.

பதினேழாம் எண் வீட்டில் நாலு பேரும் காய்ச்சலில் போய்விட்டார்கள். கதவுக்கு முத்திரை வைத்து இரண்டு மாதம் ஆகிறது. ஆனாலும் அந்த வாளி தினமும் நாலு பேர் கனம் கனத்தது.

வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் லட்சுமணனிடம் போய்ச் சொன்னான்.

"பூட்டின வீட்டுக்கு எதுக்குய்யா வாளி வைக்கிற?" என்றார் மண்டோர். "உன் வீட்டுக்கு ஒண்ணு கேட்டியே, அதையே எடுத்துக்கய்யா."

"அந்த வாளி வேணாம் அண்ணே."

"ஆத்துல கழுவிட்டா எல்லாம் ஒண்ணுதான். நம்பரை மாத்திக்க."

வீராச்சாமி ஆற்று மணலைப் போட்டு மூன்று தரம் தேய்த்தான். பதினேழைச் சுரண்டிவிட்டுத் தன் வீட்டு எண்ணை எழுதினான். வீட்டில் அவனும் பெண்டாட்டி நவமணியும் மட்டும்தான்.

மறுநாள் எல்லா வீட்டையும் முடித்துவிட்டுக் கடைசியாகத் தன் வீட்டு வாளியைத் தூக்கினான். ஆறு பேர் கனம்.

வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனான். நவமணி தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஆறு தட்டுகள்.

"வரும்போது அரிசி கூட வாங்கியாங்க," என்றாள், நிமிராமல். "ராத்திரி யாருக்கும் பத்தல."