ஹேஸ் பீன் ஸ்டாண்டிங்

மழையில் மூழ்கி அழுகிப்போன சம்பா வயலுக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார் வைரக்கண்ணு.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மனைவி அம்சத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னங்க பண்றீங்க? நேத்துதான் தண்ணி வடிஞ்சு தரை தெரிஞ்சுது. செத்த பயிருக்குப் போய்த் தண்ணி விடுறீங்களே!"

"பயிருக்கு இல்லடி. இங்கிலீஷுக்கு விடுறேன்."

அம்சம் புருஷன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

வரப்பில் நின்ற மணிவண்ணன்தான் விளக்கினான். கீழ்வேளூரில் இங்கிலீஷ் ட்யூஷன் எடுக்கிறவன். பயிர் இன்சூரன்ஸுக்கு மனு எழுதிக் கொடுத்ததும் அவன்தான். அந்த இன்சூரன்ஸ் வந்தால்தான் வைரக்கண்ணு வீட்டில் அடுத்த விதைப்பு.

"அக்கா, மனுவுல 'வாட்டர் ஹேஸ் பீன் ஸ்டாண்டிங்'னு எழுதிட்டேன். பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ்."

"அதனால?"

"தண்ணி அன்னிக்கு நிக்க ஆரம்பிச்சு இன்னிக்கும் நின்னுக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். வேளாண்மை ஆபீஸ் மேடம் பக்கத்து ஊர் வரைக்கும் வந்துட்டாங்களாம். இங்க வந்து பார்க்கிறப்ப தரை காஞ்சு கிடந்தா, மனு பொய்னு ஆயிடாதா? நின்னு முடிஞ்சுடுச்சுன்னு அர்த்தம் வர்ற மாதிரி 'ஹேஸ் ஸ்டுட்'னு எழுதியிருந்தா தப்பிச்சிருப்போம்."

"அப்ப அப்படி மாத்தி எழுதிக் குடுக்கிறது!"

"குடுத்த மனுவை மாத்த முடியாதுக்கா. வயலைத்தான் மாத்தணும்."

அம்சம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சுத்தி எல்லார் வயலும் வடிஞ்சு கிடக்கு. நம்மது மட்டும் குளமா நின்னா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? திருட்டுப் பயன்னுதான் சொல்லுவாங்க."

வைரக்கண்ணுவுக்கும் உள்ளூர அந்தப் பயம்தான். ஆனால் படித்தவன் சொல்கிறானே!

"எவ்வளவு தண்ணி நிக்கணும்னு இலக்கணத்துல ஏதாச்சும் இருக்கா தம்பி?"

"அளவு முக்கியம் இல்லண்ணே. விடாம நிக்கணும்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, வரப்பில் ஒரு நண்டு வளை வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று வெளியே ஓட ஆரம்பித்தது.

"ஐயோ, கன்டினியுவஸ் போகுது!"

மணிவண்ணன் பேன்ட்டோடு சேற்றில் இறங்கி, வளையைக் குதிகாலால் அடைத்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் போன ஜீப் ஒன்று சடாரென்று நின்றது. இறங்கிய பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் விறுவிறுவென்று வந்தாள்.

"வேளாண்மை ஆபீஸ்லேர்ந்து வர்றேன். பர்வின். இதென்ன, மோட்டார் ஓடுது?"

மணிவண்ணன் கண்ணால் ஜாடை காட்டினான். வைரக்கண்ணு வாயைத் திறந்தார். பொய் வரவில்லை.

"மேடம், இது மழைத் தண்ணி இல்லீங்க. அது நேத்தே வடிஞ்சுடுச்சு. மனுவுல நின்னுக்கிட்டே இருக்குன்னு எழுதிட்டோம். எழுத்து பொய்யாயிடக் கூடாதேன்னுதான் இப்படிப் பண்ணிட்டேன். ஆனா பயிர் அழுகினது சத்தியமா நிசம்ங்க."

எல்லாம் போச்சு என்று அம்சம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பர்வின் குனிந்து ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கினாள். வேர் கறுத்து நாறியது.

"வேரைப் பார்த்தா தெரியாதாங்க எனக்கு? இது இன்னிக்கு விட்ட தண்ணியில அழுகினதா? சரி, உங்க பேரு?"

"வைரக்கண்ணுங்க."

"நெசமாவா? இன்சூரன்ஸ் மனு குடுத்த வைரக்கண்ணா?"

"ஆமாங்க மேடம்."

"அப்பாடா!" என்று அவள் ஈர வரப்பிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

மணிவண்ணனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. குதிகாலை எடுக்காமலே கேட்டான்.

"மேடம், மனு எழுதினது நான்தான். 'ஹேஸ் ஸ்டுட்'னு போட்டிருக்கணுமோ?"

"உங்க இங்கிலீஷ்ல ஒரு குத்தமும் இல்ல சார். ஊர் பேரு, சர்வே நம்பர், போன் நம்பர், இதுல ஒண்ணுகூட எழுதலை, அவ்வளவுதான். ஒதுக்கி வெச்சிருங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. யாரோ பாவம், பயிரு போய்க் காத்துக்கிட்டிருப்பாரேன்னு எனக்குத்தான் மனசு கேக்கல. திங்கக்கிழமையிலேர்ந்து ஊர் ஊரா வைரக்கண்ணுவைத் தேடிக்கிட்டே இருக்கேன்."

பர்வின் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றிலும் காய்ந்து கிடந்த வயல்களைப் பார்த்தாள்.

"இப்பக்கூட நேரா போயிருப்பேன் சார். தண்ணி நிக்கிற வயல்னு இது ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சு!"