ஞாயிற்றுக்கிழமை வேன்

"அண்ணா, மலர்கொடி அக்கா எங்க? வந்ததிலேர்ந்து தலையே காட்டலியே!"

குழம்பு வாளியோடு வந்த பச்சமுத்து ஒரு கணம் தயங்கினார். கேட்டவள் பிரியதர்ஷினி. சாப்பாட்டுப் பிரியர்களைத் திரட்டி, மாதம் ஒரு ஞாயிறு சென்னையிலிருந்து வேனில் அழைத்து வருபவள். மரக்காணம் உப்பளங்களுக்கு எதிரே, பச்சமுத்துவும் அவர் மனைவி மலர்கொடியும் நடத்தும் மெஸ்ஸில்தான் அவர்களுக்கு மதியச் சாப்பாடு.

"அடுப்பு வேலைம்மா. பாதியில விட்டுட்டு வர முடியுமா?"

"அப்ப நானே போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"அய்யய்யோ, உள்ள ஒரே பொகை! நீ உக்காந்து சாப்புடும்மா" என்று வழியை மறித்தவர், அவசரமாக அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

அந்த இலைக்கு முன்னால் சிவஞானம் உட்கார்ந்திருந்தார். எந்த ஊர்ச் சாப்பாடானாலும் ஒரு குறை கண்டுபிடித்துவிடுவார். அவர் முகம் சுளித்தால் அடுத்த மாதம் வேன் வேறு ஊர்ப் பக்கம் திரும்பிவிடும். அது பச்சமுத்துவுக்கும் தெரியும்.

சிவஞானம் நண்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மெதுவாக மென்றார். புருவம் மேலே ஏறியது.

"போன தடவை சாப்பிட்ட மாதிரி இல்லையே?"

பச்சமுத்து குனிந்து கேட்டார். "என்னாங்க... உப்பு தூக்கலா இருக்குதுங்களா?"

"உப்பு சரியா இருக்கு. காரம்தான் காதுல அடிக்குது. கடைசியில பூண்டு தட்டிப் போட்டிருக்கோ?"

"ஆமாங்க... எறக்குறதுக்கு முன்னாடி."

சிவஞானம் ஒரு நண்டுக் காலை எடுத்தார். கடித்து உறிஞ்சினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். மறுபடி உறிஞ்சினார். பச்சமுத்து வாளியோடு அங்கேயே நின்றார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்றார் சிவஞானம். "அந்த வாளிய இப்படியே வச்சிட்டுப் போங்க."

பந்தியே சிரித்தது. பச்சமுத்து அப்போதுதான் மூச்சு விட்டார்.

எல்லோரும் கை கழுவி எழுந்தார்கள். சிவஞானம் மட்டும் நேராகச் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"எத்தனையோ ஊர்ல சாப்பிட்டிருக்கேன். இப்படி ஒரு நண்டுக் குழம்பு சாப்பிட்டதில்ல. வச்ச கைய ஒரு தடவை கும்பிட்டுட்டுத்தான் வேன் ஏறுவேன். அந்தம்மாவக் கூப்பிடுங்க."

பிரியதர்ஷினி உள்ளே எட்டிப் பார்த்தாள். அடுப்படியில் யாருமே இல்லை.

"அண்ணா! அக்கா எங்க?"

பச்சமுத்து தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். மஞ்சளும் மிளகாயும் ஏறிச் சிவந்திருந்த இரண்டு கைகளையும் சிவஞானத்தின் முன்னால் நீட்டினார்.

"குழம்பு வச்ச கை இதாங்க. இன்னிக்கு மொத்த சமையலும் நான்தான்."

"அப்போ அக்கா?"

பச்சமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"உப்பளத்துல வேலை செய்யிற பொம்பளைங்க எல்லாரையும் ஒரு வேன்ல ஏத்திக்கினு விடியக்காலமே கெளம்பிட்டாம்மா. இந்நேரம் உங்க மெட்ராஸ்ல, யாரோ எல போட்டுப் பரிமாற, காலை நீட்டி உக்காந்து சாப்புட்டுக்கினு இருப்பா!"