கடலூர் மாவட்டத்தின் ஒரே சரியான நேரம்

கடலூர் மாவட்டத்தில் சரியான நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றே ஒன்றுதான். அது தாழங்குடாவில், தட்சிணாமூர்த்தி வீட்டுப் பின்னறையில் இருக்கிறது. மற்ற வீட்டுச் சுவர்களில் தொங்குவதெல்லாம் உத்தேசம்.

இதைச் சொன்னவன் தட்சிணாமூர்த்தியேதான். சிரிக்காமல் சொன்னான்.

ஆதாரம், சிதம்பரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்த கனத்த பெட்டி. எங்கோ ஒரு நிலையம் வானொலி அலையில் அனுப்பிய நேர சிக்னலைப் பிடித்து, அதனோடு தன் துடிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ரிசீவர் அது. அந்த நிலையத்தை மூடியே பல வருடம் ஆகிறது.

தட்சிணாமூர்த்தி அதற்குள் குடியிருந்த கரப்பான்களைக் காலி செய்தான். செத்த கண்டென்சர்களை மாற்றினான். மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனாவை நட்டு, பெட்டியைச் செயற்கைக்கோள் நேரத்துக்குப் பழக்கிவிட்டான்.

"பச்சை லைட்டு எரிஞ்சா சாட்டிலைட்டோட லாக் ஆயிருக்குன்னு அர்த்தம். அது எரியிற வரைக்கும் இந்தப் பெட்டி பொய் சொல்லாது" என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுத்திருந்தான்.

"ஒரு செகண்ட லட்சமா வெட்டுறீங்க. ரெண்டு மீன வெட்டிக் குடுங்கன்னா மட்டும் நேரமில்ல" என்றாள் மனைவி சுவாதி.

கூடத்துக் கட்டிலில் அவன் அப்பா காத்தவராயன் படுத்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் பின்னறைக் கதவு வழியாக அந்தப் பச்சைப் புள்ளி மட்டும் தெரியும். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை செய்யும் சின்னவன் ஜெயப்பிரகாஷ் அன்று வருவதாக ஏற்பாடு. சென்னையில் இறங்கி, சாயங்கால ரயிலில் திருப்பாதிரிப்புலியூர் வந்துவிடுவான். அப்பாவின் உயிர் அந்த ரயிலுக்காகத்தான் காத்திருக்கிறது என்று தெருவே பேசிக்கொண்டது.

"தட்சிணா... மணி என்னாடா?"

"ரெண்டு பதினேழு, நாப்பத்தோரு செகண்டு!" பின்னறையிலிருந்தே கத்தினான் தட்சிணாமூர்த்தி.

"காது கேக்கல. கிட்ட வந்து சொல்லு."

சால்டரிங் அயர்னை வைத்துவிட்டு எழுந்து வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அப்பாவின் காதருகே குனிந்து சொன்னான். "ரெண்டு பதினெட்டு. நீங்க கேட்டப்ப இருந்தது போயிடுச்சு."

காலையிலிருந்து இதே கதைதான். அரை மணிக்கு ஒரு தரம் கூப்பிடுவார், கிட்டே வரச் சொல்வார், நேரம் கேட்பார்.

அவர் கையில் சாவி கொடுக்கிற பழைய வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கை இளைத்துப்போனதால் முழங்கை வரை ஏறியிருந்தது. எப்போதும் போலப் பத்து நிமிடம் கூடுதலாக ஓடியது.

"கடலுக்குப் போற போட்டு நமக்காவ நிக்காதுல்ல? அதான் பத்து நிமிசம் ஜாஸ்தி வச்சிக்கிறது" என்றார் அப்பா, மகனின் பார்வையைக் கவனித்து.

"அப்புறம் மனசுக்குள்ள பத்தக் கழிச்சிக்குவீங்க! தன்னத்தானே ஏமாத்திக்கிறதுக்கு ஒரு வாட்ச்சு. முள்ளத் திருப்பி வச்சா காலம் திரும்பிடுமாப்பா?"

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பின்னறையில் போன் அடித்தது. ஜெயப்பிரகாஷ்.

"அண்ணே... நான் ஃப்ளைட்டு ஏறலண்ணே. மொதலாளி பாஸ்போர்ட்டக் குடுக்கல. நேத்தே தெரியும், சொல்ல வாயி வரல."

"என்னாடா சொல்ற? வரலியா நீ? அப்பா உசிரக் கையில புடிச்சிக்கிட்டுக் கெடக்குறாருடா!"

"நீயே எதுனா சொல்லிடுண்ணே..." அதற்குமேல் அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது.

தட்சிணாமூர்த்தி போனை வைத்தான். பெட்டியில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரயில் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அது வந்து, போய், வாசலில் ஆள் யாரும் வந்து நிற்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்தது.

"தட்சிணா... மணி என்னாடா?"

வாயால் தப்பான நேரம் சொல்ல அவனுக்கு வராது. பெட்டி சொன்னால்தான் அவனால் சொல்ல முடியும். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஆன்டெனா வயரைப் பிடுங்கினான். எண்களை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தான்.

கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்து, குனிந்தான். "நாலே முக்கால்தாம்ப்பா ஆவுது. ரயிலு இன்னும் விழுப்புரமே தாண்டல."

செகண்டு சொல்லவில்லை.

அப்பா கதவுப் பக்கம் பார்த்தார். "லைட்டு எரியலியேடா."

தட்சிணாமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான்.

"பிரகாசு வரலன்னு நீ போன்ல பேசுனியே, அப்பவே கேட்டுடுச்சு. அவனத் திட்டாத. பாவம், அவன் என்னா செய்வான்."

"காது கேக்கலன்னு சொன்னீங்க?"

அப்பா முழங்கையில் கிடந்த வாட்சை மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டுக்கொண்டார். அது பத்து நிமிடம் கூடக் காட்டியபடி ஓடிக்கொண்டிருந்தது.

"கையிலயே வாட்ச்ச வச்சிக்கிட்டு, காலைலேர்ந்து எதுக்குப்பா என்ன நேரம் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

காத்தவராயன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதக் கேட்டாத்தானடா நீ கிட்ட வந்து ஒக்கார்ற."