கேப்டனின் அடுப்பு

கேப்டன் எஸ்தருக்குத் தூத்துக்குடியில் தன் வீட்டுச் சமையலறைதான் அலுவலகம். விமானங்கள் தாமாகவே பறக்கின்றன. ஆனாலும் ஒரு மனிதர் "என் பொறுப்பு" என்று சொல்லாமல் எந்த விமானமும் கிளம்பக் கூடாது என்பது சட்டம். அந்த இரண்டு சொல்லுக்குத்தான் சம்பளம். மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே சொல்லிவிடுவார்.

அன்று ஒரு விமானம் அழைத்தபோது உடனே சொல்லவில்லை. அடுப்பை அணைத்தார்.

"எரிபொருள் எவ்வளவு இருக்கு? வழியில மழை உண்டா? எஞ்சினைக் கடைசியா யாரு பாத்தா?"

ஒவ்வொரு கேள்விக்கும் விமானம் பதில் சொன்னது. பிறகு, "இதுவரைக்கும் நீங்க எதையும் கேட்டதில்லையே, கேப்டன்?" என்றது.

"இன்னைக்கு என் மவ ஏறியிருக்கா."

"அப்ப இதுக்கு முன்னாடி யாரோட மகளும் ஏறலையா?"

அந்தக் குரலில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆவல் மட்டுமே இருந்தது. எஸ்தர் "என் பொறுப்பு" என்றார். மகள் பத்திரமாகப் போய் இறங்கினாள்.

மறுநாள் வேறொரு விமானம் அழைத்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எஸ்தர் அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எரிபொருள் எவ்வளவு இருக்கு?"